ஏழாம் வாய்ப்பாடு

அத்தியாயம் 11

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். குனிஹிகோ அந்த வாயால்தான் இத்தனை காலமும் பிழைத்தார். துறைமுகத்து மீன் சந்தையில் ஏலம் கூறுகிற வேலை. விடியுமுன் கைமணியை ஆட்டிவிட்டுக் குரலெடுத்தால், கணவாய்ப் பெட்டிகளுக்கு நடுவே திருடித் தின்கிற பூனைகூட நிமிர்ந்து பார்க்கும். போன வசந்தத்தில் அந்த மணியைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் மிஞ்சியது. இடது கை மிஞ்சியது. சொல்லில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"ஆமா."

சாப்பிட்டீங்களா? ஆமா. வலிக்குதா? ஆமா. நான் எங்கயாவது போய்ச் செத்துடட்டுமா என்று ஒருநாள் ஆத்திரத்தில் மனைவி தொமோயே கேட்டாள். அதற்கும் ஆமா. கேட்டுவிட்டு அவள்தான் சமையலறையில் நின்று அழுதாள்.

அப்படிப்பட்டவர் வாயிலிருந்து போன வாரம் 'அம்பத்தாறு' என்று ஒரு சொல் வந்தது.

மகள் நாகிக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. இலையுதிர் காலம் வந்தால் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாட்டுக் காலம். வகுப்புச் சுவரில் டீச்சர் ஒரு மலை வரைந்து ஒட்டியிருந்தார். பிள்ளைகளின் முகம் வரைந்த காகிதப் பொம்மைகள் ஒவ்வொரு வாய்ப்பாடாக ஒப்பித்து அதில் ஏற வேண்டும். நாகியின் பொம்மை ஏழாம் வாய்ப்பாட்டின் அடியில் மாட்டிக்கொண்டு நின்றது. "வீட்டுல விளையாட்டா சொல்லிப் பாரும்மா, தானா வரும்" என்றார் டீச்சர்.

ஏலக்காரர் மகளுக்கு விளையாட்டு என்றால் வேறு என்ன தெரியும்? அப்பாவின் எண் பதித்த சந்தைத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். அடியில் கணப்பு வைத்த குட்டை மேசையின் மேல் தட்டுத் தட்டாகக் காய்ந்த நெத்திலியை அடுக்கினாள், தட்டுக்கு ஏழு. மணியை ஆட்டினாள். "ஒரு தட்டு! ஏழொண்ணு ஏழு! ரெண்டு தட்டு! ஏழிரண்டு பதினாலு!" சரியாகச் சொன்னால் அந்தத் தட்டு அவளுக்கு, தவறினால் பூனைக்கு. எட்டாவது தட்டில் எப்போதும் போலத் திக்கி நின்றாள். பூனை எழுந்து உட்கார்ந்தது. அப்போதுதான் சாய்வு நாற்காலியிலிருந்து அந்தக் குரல் வந்தது, சந்தையில் ஒலித்த அதே குரல்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டில் ஏலம். மணி அடித்தால் போதும், அப்பாவும் மகளும் சேர்ந்து ஏழில் தொடங்கி அறுபத்துமூன்றில்தான் நிற்பார்கள். சரியாகச் சொன்னதற்கு அப்பாவின் சட்டையில் நாகி மீன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள்.

தொமோயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அந்தப் பெண் பாவம், கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"அது பேச்சு இல்லக்கா. சின்ன வயசுல வாயில ஏறிப்போனது. ஆரம்பிச்சா கடைசிவரைக்கும் தானா ஓடும். நடுவுல கேட்டா வராது. ஏழெட்டு எவ்வளவுன்னு தனியா கேட்டுப் பாருங்க, தெரியாது."

தொமோயே கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. நாகியிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதன் பலன்தான் இன்றைய தினம்.

*

இன்று நகராட்சியிலிருந்து ஆள் வருகிற நாள்.

வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டு, கையைத் தூக்கச் சொல்லி, காலை நீட்டச் சொல்லி, இந்த மனிதர் எவ்வளவு தூரம் முடியாதவர் என்று எழுதிக்கொண்டு போவார்கள். முடியாமைக்குத் தக்க உதவி. பகல் நேரப் பராமரிப்பு நிலையத்து வண்டி இப்போதுபோல் வேலை நாளெல்லாம் வந்து அவரைக் கூட்டிப் போகுமா, அல்லது வாரத்தில் இரண்டு நாள்தானா என்பது அந்த ஆள் எழுதுவதில் இருக்கிறது. இரண்டு நாள் என்றால் மீன் விழுது ஆலையில் தொமோயேயின் வேலை போயிற்று. வேலை போனால் வீடு ஓடாது. வீடு ஓடாவிட்டால் ஒஸாகா.

ஒஸாகாவில் குனிஹிகோவின் அண்ணன் மசாதோ இருக்கிறார். தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தம்பிக்கு இடம் சொல்லி வைத்துவிட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சுலபமாகச் சண்டை போட்டுவிடலாம்.

"நான் ஒண்ணும் அவனைத் தூக்கிட்டுப் போகப் போறதில்லம்மா" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னார். "நீ எத்தனை நாளைக்கு ஆலையிலயும் வீட்டுலயும் இப்படிச் சாவ? அவன் வாயால வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போறேன். சொல்லலன்னா விட்டுடறேன். சரிதானே?"

"அவர் வாயால எது கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாரு அண்ணா."

"அண்ணன் தம்பிக்குத் தெரியும்மா, எது நிஜமான ஆமான்னு."

இந்த ஊரில் ஒரு வியாதி உண்டு. நகராட்சி ஆள் வருகிறார் என்றால் படுத்த படுக்கையில் கிடக்கிறவர்கூட எழுந்து உட்கார்ந்து, தலை வாரிக்கொண்டு, தேநீர் சாப்பிடுங்கள் என்று உபசரிப்பார். வந்தவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போவார். மறுநாளே அந்தக் கிழவர் கழிவறைக்கு வழி தெரியாமல் நிற்பார். எதிர்வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதனால் உதவிக்கு ஏற்பாடு செய்கிற அம்மாள் தொமோயேயை முன்பே எச்சரித்திருந்தாள். "வீட்டைத் துடைச்சு வைக்காதீங்க. அவரை அலங்காரம் பண்ணாதீங்க. முடியாததெல்லாம் வாசல்லயே நிறுத்திச் சொல்லிடுங்க, அவர் காதுல விழாம."

தொமோயே மூன்று நாளாக அவருக்குச் சவரம் செய்யவில்லை. காலையில் குனிஹிகோ இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்தார். அலமாரியில் இருந்த சவர இயந்திரத்தைக் காட்டினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்துவிட்டாள். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் மறுபடியும் காட்டினார்.

"அப்புறம் பண்ணலாங்க."

"ஆமா" என்றார். கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

சந்தைக்குப் போகும்போதுகூட, அந்த நடுங்குகிற குளிரில்கூட, வழுவழுவென்று சவரம் செய்யாமல் வாசல் தாண்டாத மனிதர் அவர்.

*

நகராட்சி ஆள் பள்ளிவிடும் நேரத்துக்கு வந்தார். ஒகிதா என்று பெயர். சின்ன வயசு, வேலைக்குப் புதுசு என்று சட்டைக் கழுத்தே சொன்னது. நாகி பள்ளி முடிந்து பக்கத்துக் கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு ஐந்து மணிவரை இருப்பாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் தொமோயே கேட்டு வாங்கியிருந்தாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே அவரை நிறுத்திச் சொன்னாள். ராத்திரியில் எத்தனை முறை எழுப்புகிறார், சூடான கெட்டிலை எப்படி வெறுங்கையால் பிடித்தார், ஈரப் படுக்கை, கீழே விழுந்தது. கட்டியவனின் மானத்தைத் தெருவில் நின்று ஏலம் போடுகிறோம் என்று அவளுக்கே தோன்றியது. ஒகிதா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். படியின் உயரத்தைப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.

இருவரும் உள்ளே வந்தார்கள்.

குனிஹிகோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது. ஒரு கன்னம் வழுவழுவென்று இருந்தது, மறு கன்னத்தில் பாதி தாடி. பக்கத்தில் நாகி, ஈரக் காலுறையோடு, முதுகில் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல், சவர இயந்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொல்லைக் கதவு வழியாக வந்திருக்கிறாள்.

"நீ எங்கடி இங்க?"

"அப்பாவுக்கு இன்னிக்குப் பரீட்சைன்னு நீ போன்ல சொன்னல்ல. அதான் டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

ஒகிதா சிரித்தார். "அப்பாவுக்கு உதவியாளா? ரொம்ப நல்லது."

கேள்விகள் ஆரம்பமாயின. இடது கையைத் தூக்குங்க. தூக்கினார், தேவைக்கு மேல் உயரமாக. வலது கை வரவில்லை. உங்க பேரு என்னங்க?

"ஆமா."

இப்ப என்ன பருவம்? வெயில் காலமா, குளிர் காலமா?

"ஆமா."

ஒகிதா எழுதினார். தொமோயே மூச்சை மெதுவாக விட்டாள். இப்படியே போனால் போதும். இன்னும் நாலு கேள்வி. கணவன் தோற்கத் தோற்க நிம்மதி வருகிறதே, இது என்ன ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாகியின் முகம்தான் வாடிக்கொண்டே வந்தது. அப்பா தோற்கிறார். எல்லாம் தப்பாகச் சொல்கிறார். வகுப்பில் டீச்சர் மேசைமுன் நின்று தான் திக்குகிற மாதிரியே. அவள் தொப்பியை எடுத்து அப்பாவின் தலையில் வைத்தாள்.

"நாகி, வேண்டாம்" என்றாள் தொமோயே.

மணி அடித்துவிட்டது.

குனிஹிகோவின் தோள் நிமிர்ந்தது. "ஏழொண்ணு ஏழு! ஏழிரண்டு பதினாலு! ஏழுமூணு இருபத்தொண்ணு!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு எழுத்து நழுவவில்லை. ஏழெட்டை ஒரே மூச்சில் தாண்டி அறுபத்துமூன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். நின்றதும் மகளைப் பார்த்தார். நாகி ஒரு மீன் ஸ்டிக்கரை எடுத்து அவர் சட்டையில் ஒட்டினாள்.

ஒகிதா கைதட்டினார். "அடேயப்பா. இவ்வளவு பேசுறாரே! கணக்கும் சரியா வருதே!" பேனா வேகமாக ஓடியது.

வாசல்வரை தொமோயே அவர் பின்னாலேயே போனாள். "அது பேச்சில்லீங்க. அது தானா வர்றது. பேச்சுப் பயிற்சிக்காரங்களைக் கேளுங்க."

"புரியுதுங்க. ஆனா நான் பாத்ததைத்தானே எழுத முடியும்?" ஒகிதா காலணியை மாட்டிக்கொண்டார். "சந்தோஷப்படுங்க. இவ்வளவு முன்னேற்றம் எல்லா வீட்டுலயும் வராது."

விளையாட்டு வினையாகும் என்பதைப் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

*

சமையலறையில் நாகி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாள். "அப்பா பாஸுதானேம்மா? அந்த மாமா கைதட்டினாருல்ல?"

தொமோயேவுக்கு அடிக்கக் கை ஓங்கியது. ஓங்கிய கையை அடுப்பு மேடையில் ஊன்றிக்கொண்டாள். கை அடங்கியது, வாய் அடங்கவில்லை.

"பாஸாயிட்டாரு. நல்லா பாஸாயிட்டாரு. இனிமே பகல் வண்டி வராது. அம்மாவுக்கு வேலை இருக்காது. பெரியப்பா வந்து அப்பாவை ஒஸாகாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. யாரு உன்னை மணி அடிக்கச் சொன்னா?"

"நல்லா சொன்னா எதுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"முடியாதவங்களுக்குத்தான் உதவிடி. முடியும்னு காட்டிட்டியே நீ."

குழந்தைக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதை அந்த முகத்தில் பார்த்தபோதுதான் தொமோயேவுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. "நாகி, இரு" என்பதற்குள் அவள் வெறும் காலுறையோடு வெளியே ஓடிவிட்டாள்.

ஒகிதா காரின் கண்ணாடியிலிருந்து பனியை வழித்துக்கொண்டிருந்தார். நாகி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், வாசலில் காலணியை உதறிவிட்டு, மறுபடி பாய் விரித்த அறைக்குள் வந்து நின்றார்.

நாகி அப்பாவின் முன்னால் போய் நின்றாள். மணியைத் தொடவில்லை.

"அப்பா, ஏழெட்டு எவ்வளவு?"

குனிஹிகோ மகளைப் பார்த்துச் சிரித்தார். விளையாட்டு மறுபடி ஆரம்பம் என்று நினைத்தாரோ என்னவோ. "ஆமா" என்றார்.

"ஏழெட்டுப்பா."

"ஆமா."

"சரி, என் பேரு என்ன?"

தொமோயே தடுத்திருக்கலாம். நிலைப்படியில்தான் நின்றாள், எட்டிப் பிடிக்கிற தூரம். பகல் வண்டி, ஆலை, ஒஸாகா எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. தடுக்கவில்லை.

குனிஹிகோவின் சிரிப்பு போய்விட்டது. உதடு ஏதோ ஒரு வடிவத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பெயர் உள்ளே எங்கேயோ இருந்தது, வைத்ததே அவர்தான். இடது கையால் தொடையைக் குத்தினார்.

"ஏ... ஏழொண்ணு ஏழு" என்றார்.

வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். வாய் நிற்கவில்லை. "ஏழிரண்டு பதினாலு. ஏழுமூணு இருபத்தொண்ணு." கண்ணிலிருந்து நீர் இறங்கி, வழித்த கன்னத்தில் நேராகவும் வழிக்காத கன்னத்தில் சிக்கிச் சிக்கியும் ஓடியது. வாய் தன்பாட்டுக்கு இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு என்று போய்க்கொண்டிருந்தது. அறுபத்துமூன்று வந்துதான் நின்றது. ஒகிதா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகி அவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்கல்ல? எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்கோங்க."

வெளியே ஒலிபெருக்கியில் ஊருக்கெல்லாம் ஐந்து மணிப் பாட்டு ஒலித்தது, பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்கிற பாட்டு. அது முடியும்வரை ஒகிதா காத்திருந்தார்.

"எழுதிக்கிறேம்மா" என்றார். குனிஹிகோவுக்கு நேராக நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

*

சாப்பாட்டுக்குக் குனிஹிகோ வாய் திறக்கவில்லை. வெந்த முள்ளங்கியை மசித்து ஊட்டப் போனாள் தொமோயே. உதட்டை இறுக்கிக்கொண்டார். மிச்சக் கன்னத்தை வழிக்கப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டையில் ஒட்டியிருந்த மீன் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

காரியம் ஜெயித்துவிட்டது. பகல் வண்டி அநேகமாக வரும். ஜெயித்த வீடு இப்படி இருந்தது.

நாளைக்கு நாகி டீச்சரிடம் ஏழை ஒப்பிக்க வேண்டும். அவள் நெத்திலித் தட்டுகளை அடுக்கினாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமலே மணியை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினாள்.

குனிஹிகோ அசையவில்லை.

"ஏழொண்ணு ஏழு" என்று அவள் தனியாகத் தொடங்கினாள். தட்டுத் தட்டாகப் போனாள். ஏழெட்டில் நின்றாள். தெரியாமல் நின்றாளா, அப்பா கைகொடுப்பார் என்று நின்றாளா, சொல்ல முடியாது. பூனை எழுந்து உட்கார்ந்தது. குனிஹிகோ இடது கையை நீட்டினார். மகள் கையிலிருந்த மணியை வாங்கினார். அதன் நாக்கை விரலால் அழுத்திப் பிடித்துச் சத்தம் வராமல் தன் பின்னால், மெத்தை இடுக்கில் செருகிவிட்டார்.

"அப்பா, நான் பொய்யிக்குத்தான் அப்படிச் சொன்னேன்" என்றாள் நாகி. "அந்த மாமாகிட்ட. பொய்யிக்குப்பா."

அவர் மகளின் தொப்பியைத் தடவிக்கொடுத்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தொமோயேவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்போது தொலைபேசி அடித்தது.

நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. கைத்துண்டைத் தேடிக்கொண்டு தொமோயே சமையலறையிலிருந்து வருவதற்குள் குனிஹிகோ அதை எடுத்துவிட்டார். விழுந்த நாளிலிருந்து அவர் தொலைபேசியைத் தொட்டதில்லை.

"தொமோயே?" மசாதோவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தக் குரல். "இன்னிக்கு ஆள் வந்தாங்களா? என்னாச்சு?"

குனிஹிகோ கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூச்சு மட்டும்.

"குனியா? டேய், நீயா எடுத்த?" மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. பிறகு குரல் இறங்கியது. "தம்பி, சனிக்கிழமை நான் அங்க வர்றேண்டா. உன்னைக் கட்டாயப்படுத்தல. அவங்க ரெண்டு பேரும் படுற பாடு உனக்கும் தெரியும். எங்கூட வந்துடறியா?"

தொமோயே ஈரக் கையோடு நின்றாள். எது கேட்டாலும் வருகிற சொல்தான். செத்துடட்டுமா என்றதற்குக்கூட வந்த சொல். அண்ணனிடம் அதைச் சொல்லிவிடலாம், எப்போதும் சொல்வதுபோல்.

ஆனால் இத்தனை மாதமும் கேள்வி முடிவதற்குமுன் அந்தச் சொல் வந்துவிடும். இன்று வரவில்லை. குனிஹிகோ முதலில் மகளைப் பார்த்தார். பிறகு தொமோயேயைப் பார்த்தார், பாதி வழித்த முகத்தோடு, நிதானமாக, நெடுநேரம்.

"ஆமா" என்றார்.

சொல்லிவிட்டு, கேட்டதா என்பதுபோல் அவளைப் பார்த்து ஒருமுறை தலையும் ஆட்டினார்.